துரை விழுங்கிய காப்பு

11

போன வாரம் மைதிலியின் பையைக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தோம். பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கோவையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் அங்கே பயிற்சி, அப்புறம் திருச்சிக் கிளையிலேயே இடம். மகள் பவித்ரா சென்னைக்குப் படிக்கப் போன பிறகு, நாற்பது வயதில் பழைய பாடப் புத்தகங்களைத் தூசி தட்டி, தேர்வு எழுதி வாங்கிய வேலை. திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இது தெரிந்த மறுநாளே மாமியார் மட்டுவார்குழலி, டவுன்ஷிப்புக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் இடது கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு. வருகிற வெள்ளிக்கிழமை பால்குடம் எடுத்த பிறகுதான் அவிழ்ப்பார்களாம். அதுவரை அந்த வீட்டில் யாரும் வெளியூரில் போய் இராத்தங்கக் கூடாதாம். மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாளாம்.

அம்மனை எதிர்த்து யார் பேசுவது? மைதிலியின் கணவன் ஜெய்சங்கர், தொழிற்சாலையில் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கில் மயிரிழைப் பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் என்ன பிசகு நடந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப் பாரேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். மைதிலி கேட்டுப் பார்த்தாள். முடியாது என்றார்கள். அதையும் சொன்னாள். அவன் ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.

ஆக, இன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு பஸ்ஸைப் பிடித்தால் வேலை உண்டு. பிடிக்காவிட்டால் கைலாசபுரத்துக் குவார்ட்டர்ஸ், காலையில் இட்லி, மாலையில் காபி, இடையில் துரை.

துரை யார் என்று புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேன்டீன் பின்புறம் ஜெய்சங்கர் பொறுக்கிக்கொண்டு வந்த செம்பழுப்பு நாட்டு நாய். தட்டில் வைத்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சாப்பிடுவார். இதுவரை உள்ளே தள்ளியவற்றில் பாதி குளியல் சோப்பு, டிவி ரிமோட்டின் ரப்பர் பொத்தான்கள், பக்கத்து வீட்டு ஷஹனாஸ் மாடியில் காயவைத்த வடகம், ஜெய்சங்கரின் அடையாள அட்டைக் கயிறு ஆகியவை அடக்கம். எல்லாம் ஜீரணமாகிவிட்டது, அல்லது வந்த வழியே போய்விட்டது. அந்தத் தைரியத்தில்தான் துரை இத்தனை நாள் வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஜெய்சங்கர் ஞாயிறு ஓவர்டைமுக்குக் காலையிலேயே போய்விட்டான். சமையலறைத் தரையில் உட்கார்ந்து மட்டுவார்குழலி மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். இடித்த பச்சரிசி மாவு, வெல்லம், ஏலக்காய். இரண்டு கையாலும் அழுத்தி அழுத்திப் பிசைந்ததில் மணிக்கட்டு வரை மாவு அப்பிக் கிடந்தது. துரை வாசற்படியில் தலையை வைத்துக்கொண்டு பரம சாதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாதுவாக இருக்கும்போதுதான் பயப்பட வேண்டும்.

மைதிலி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே பாத்திரம் உருண்டது. ஓடி வந்து பார்த்தபோது மாமியார் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். துரை அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டு எதையோ கடைசி மடக்காக விழுங்கினார். மாவு உருண்டையோடு உருண்டையாகக் காப்பும் உள்ளே போயிருந்தது.

மட்டுவார்குழலி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். கையிலிருந்து கழன்று மாவில் விழுந்ததாம், குனிவதற்குள் கவ்விவிட்டதாம். முடிச்சுப் போட்ட கயிறு எப்படி அத்தை கழலும் என்று மைதிலி கேட்கவில்லை. அவளுக்கு அந்த நிமிடத்தில் வேறொன்று தோன்றியது. காப்பு இல்லை என்றால் கட்டுப்பாடும் இல்லையே.

தோன்றியதும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. வாயில்லா ஜீவன் கயிற்றை விழுங்கிவிட்டு நிற்கிறது, நம் புத்தி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

மாமியாருக்கும் அதே நினைப்புதான் போலிருக்கிறது. கையைக் கழுவியதும் கழுவாததுமாகப் பூசாரி பிச்சமுத்துவைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஜெய்சங்கருக்கு இப்போது போன் பண்ண வேண்டாம் என்றார். நீ எங்கேயும் போயிடாதே என்றும் சொன்னார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் துரை வாந்தி எடுத்தார். மஞ்சளாக நுரை. முதுகை வளைத்துக்கொண்டு நின்றார், படுக்க முடியவில்லை. மைதிலி பிஸ்கட்டைக் காட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரை ஒரு சாப்பாட்டு ஐட்டத்துக்கு முகத்தைத் திருப்பியதை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். 

ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான டாக்டர் போனை எடுக்கவில்லை. எக்ஸ்ரே வசதியோடு திறந்திருந்தது ஸ்ரீரங்கத்தில் டாக்டர் டெல்பினின் கிளினிக் மட்டும்தான். டவுன்ஷிப் கேட்டருகே ஸ்டாண்டில் ரசூல் ஆட்டோ நின்றது. நாய் என்றதும் அவர் தயங்கினார். சீட்டில் ஒரு சாக்கை விரித்துவிட்டு, "எச்சில் படாம பாத்துக்கங்கம்மா, லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகணும்" என்றார். மைதிலி நாயின் வாயைத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

முகூர்த்த நாள் வேறு. பால்பண்ணை ரவுண்டானா வரை தடையில்லாமல் வந்துவிட்டார்கள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் கல்யாண வேன், பின்னால் மணல் லாரி. நகரவும் முடியாது, திரும்பவும் முடியாது. துரை அவள் மடியில் மூச்சு வாங்கினார்.

மைதிலிக்கு அழுகை வந்தது. நாய்க்காக மட்டுமில்லை. பதினேழு வயதில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். கல்யாணம் ஆகட்டும் என்றார். ஆனது. குழந்தை பெரிசாகட்டும் என்றார்கள். ஆனது. இப்போது பால்குடம் முடியட்டும். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கிறது. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. யாரைக் குற்றம் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

ரசூல் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு இறங்கிப் போய் யாரிடமோ சண்டை போட்டு, ஓரமாக ஒரு வழி பண்ணிக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் அவரே திரும்பிப் பார்த்து, "தாங்கிடுவான்மா" என்றார். கிளினிக் வாசலில் நாயைத் தூக்கவும் ஒரு கை கொடுத்தார். எச்சில் விஷயத்தை அவர் மறுபடி பேசவில்லை.

டாக்டர் டெல்பின் அதிகம் பேசுகிறவர் இல்லை. படம் எடுத்தார், வெளிச்சத்தில் வைத்தார், மைதிலியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா சாப்பிட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"கோயில் காப்பு டாக்டர். மஞ்சக் கயிறு. கூட ஒரு மஞ்சள் கிழங்கு."

"கயிறும் கிழங்கும் படத்துல விழாது. இது என்ன?"

வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, வாய் பிளந்து கிடந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சேஃப்டி பின்.

காப்பில் பின் கிடையாது, முடிச்சுதான் போடுவார்கள் என்றாள் மைதிலி. வேறு எங்கேயாவது விழுங்கியிருக்கும் என்றாள். டாக்டர் மறுக்கவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினார். பின் தனியாகக் கிடக்கிறது என்றால் சாயங்காலம் வரை பார்க்கலாம். காலையிலிருந்து வாந்தி எடுத்துத் தளர்ந்திருக்கிற நாய், இப்போது மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. ஆனால் அந்தக் கயிறு பின்னோடு கோத்திருந்தால் காத்திருக்கவே கூடாது. பின் இரைப்பையில் மாட்டிக்கொள்ளும், கயிறு குடலில் இறங்கும், குடல் நகர நகர அதை அறுத்துவிடும். இப்போதே வயிற்றைத் திறக்க வேண்டும்.

"வீட்ல யாருக்காவது நிச்சயமாத் தெரியுமா? தெரிஞ்சா இப்ப கேளுங்க. யூகம் வேண்டாம்."

மைதிலி வெளியே வந்து மாமியாருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். காப்பில் பின் இருந்ததா என்று கேட்டாள்.

"பின்னா? காப்புல எதுக்குடி பின்னு?" என்றார் மட்டுவார்குழலி.

அவ்வளவுதான், வைத்துவிடலாம் என்று நினைத்தாள். என்னவோ, வைக்க மனம் வரவில்லை. டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொன்னாள். தப்பான பதில் சொன்னால் துரை செத்துவிடும் அத்தை என்றாள்.  லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள். போகவில்லை.

"இருந்துச்சு" என்றார் மட்டுவார்குழலி. "கயித்தோட ரெண்டு முனையையும் சேர்த்துக் குத்தியிருந்தேன்."

மைதிலி உள்ளே ஓடினாள். டாக்டரிடம் சொன்னாள். துரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு சாத்தும்போது துரை அவளைத் திரும்பிப் பார்த்தார். போன் இன்னும் அவள் கையில் இருந்தது. மாமியாரும் வைக்கவில்லை.

"எதுக்கு அத்தை அவிழ்த்தீங்க?"

கேட்காமலே சொல்லியிருப்பார் போலத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை உப்பிலியபுரத்திலிருந்து போன் வந்ததாம். தங்கை அங்கயற்கண்ணி இறந்துவிட்டாளாம். மாமியாருக்கு ஒரு தங்கை இருந்தது மைதிலிக்கு அன்றுதான் தெரியும். ஏதோ ஒரு காதுகுத்து விசேஷத்தில் வாய்ச் சண்டை வந்து, அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று மாமனார் அந்தக் காலத்தில் சொல்லிவிட்டாராம். மாமனார் போயும் எட்டு வருஷம் ஆகிவிட்டது.

"அவர் போன பிறகாவது போயிருக்கலாம். காலே எழும்பல. அடுத்த மாசம் போவோம், தை பொறக்கட்டும், பவித்ரா பரீட்சை முடியட்டும்னு தள்ளிட்டே இருந்தேன்."

காப்புக் கட்டின கையோடு சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. அதனால் பஸ்ஸில் உட்கார்ந்து பல்லால் முடிச்சை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். கோயிலில் மாவு இடிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, முகத்தை மட்டும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். வந்து சேர்ந்ததும் மறுபடி கட்டப் பார்த்தால் முடியவில்லை.

"ஒத்தக் கையால முடிச்சுப் போட வரல மைதிலி. யாருகிட்ட போயி கைய நீட்டுவேன்? அதான் பின்னக் குத்திக்கிட்டேன்."

 மைதிலிக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ஊருக்கெல்லாம் அம்மனைக் காட்டிப் பூட்டுப் போட்டுவிட்டு, சாவி மட்டும் இவர் கையில். அப்படிப் போன மனுஷியாலும் செத்த முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. சாப்பிட்டீங்களா அத்தை என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

பிற்பகலில் டாக்டர் டெல்பின் வெளியே வந்தார். கயிறு குடலில் கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருந்ததாம். இன்னும் ஒரு பகல் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டார். பிழைத்துக்கொள்வான், நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். மைதிலி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். துரை நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மயக்கத்தில் கிடந்தார். அப்பாடா என்றிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் மனசு ஒன்றையே புரட்டிக்கொண்டு வந்தது. ஜெய்சங்கரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கம்மா காப்பை அவிழ்த்துவிட்டு ஊருக்குப் போனார் என்றால் எல்லாம் முடிந்தது. இந்த மாதிரிச் சீட்டு அவள் கைக்கு வந்ததே இல்லை. போடவும் துடித்தது, போட்ட பிறகு அந்த வீட்டில் மாமியார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் இருந்தது.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. ஹாலில் பிச்சமுத்து பூசாரி உட்கார்ந்திருந்தார். எதிரே தாம்பாளத்தில் புதுக் காப்பு ஒன்று, மஞ்சள் ஈரம் காயாமல் இருந்தது. ஜெய்சங்கர் குளித்து, திருநீறு பூசி, வேட்டியில் நின்றான். மட்டுவார்குழலி சமையலறை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாய் எப்படி இருக்கிறது என்று ஜெய்சங்கர் கேட்டான். அதற்கு மட்டும் அவன் குரல் உண்மையாகவே நடுங்கியது. பிழைத்துவிட்டது என்றதும் பெருமூச்சு விட்டான். பிறகு விஷயத்துக்கு வந்தான். பாதியில் அறுந்த காப்பை அப்படியே விடக் கூடாதாம். அதே வீட்டில் இன்னொருவர் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை பால்குடம் எடுத்து முடிக்க வேண்டுமாம். அம்மாவுக்கு உடம்பு படபடவென்று இருக்கிறது, இனி அவரால் முடியாது.

"கைய நீட்டு மைதிலி. அஞ்சு நாள்தானே."

அவன் கெட்டவன் இல்லை. அவள் கிளம்புவதைத் தடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டும் சொல்லவில்லை. வீட்டில் இப்படி ஒரு கை தேவைப்பட்டால் அது மைதிலியின் கைதான் என்று அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

மைதிலி தாம்பாளத்தைப் பார்த்தாள். நிலைக்கதவைப் பார்த்தாள். மட்டுவார்குழலி அவள் கண்ணைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கட்டிக்க மாட்டேங்க" என்றாள் மைதிலி.

காரணம் கேட்டான் ஜெய்சங்கர். அவள் சொல்லவில்லை. சாமி விஷயத்தில் விளையாடாதே என்றான். அம்மாவுக்கு நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றான். குரல் ஏறிக்கொண்டே போனது. பூசாரி தர்மசங்கடமாகக் கூரையைப் பார்த்தார். மைதிலி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதை அவள் விழுங்கினாள்.

"விடுடா அவளை" என்றார் மட்டுவார்குழலி.

நிலைக்கதவை விட்டு மெதுவாக ஹாலுக்கு வந்தார். அந்தக் காப்பை நாய் அறுக்கவில்லை, வியாழக்கிழமையே தான் அவிழ்த்துவிட்டதாகச் சொன்னார். உப்பிலியபுரத்தைச் சொன்னார், தங்கையைச் சொன்னார். ஜெய்சங்கர் வாயைத் திறந்தபடி கேட்டான். பிச்சமுத்து மட்டும், சாவுக்குப் போனது சரிதான் தாயி, ஆத்தாவுக்கும் கூடப் பிறந்தவங்க உண்டு என்று முணுமுணுத்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. காப்பு கட்டினவங்கதான் ஊரை விட்டுப் போகக் கூடாது. வீட்ல இருக்கறவங்களுக்கு அதெல்லாம் கிடையாது. அது ஆத்தா சொன்னது இல்ல, நான் சொன்னது."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"போனா இவ திரும்பி வரமாட்டாளோன்னு பயமா இருந்துச்சு."

 மட்டுவார்குழலி குனிந்து தாம்பாளத்திலிருந்து காப்பை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். ஜெய்சங்கரின் வலது கையைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் நீட்டினார். எனக்கு ஷிஃப்ட் இருக்கும்மா என்றான். ஷிஃப்ட் இந்த ஊரில்தானே இருக்கிறது என்றார். ஒரு வேளைச் சாப்பாடு, பாய்ப் படுக்கை, செருப்புக் கிடையாது என்று பிச்சமுத்து நிதானமாக விதிகளைச் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடத் தொடங்கினார்.

மைதிலி அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ரசூல் ஆட்டோவையே வரச் சொன்னாள். காலையில் கிளினிக்குக்குப் போன் பண்ணித் துரையைக் கேட்டுக்கொள்ள வேண்டும், மறக்கக் கூடாது. பையோடு ஹாலுக்கு வந்தாள்.

ஜெய்சங்கர் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான். கயிறு ஏறிய மணிக்கட்டையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கோபம் போய்விட்டிருந்தது. அவள் அவனைப் பார்த்த இத்தனை வருடங்களில் பார்த்திராத ஒரு முகம்.

"ஆறு மாசம் முடிஞ்சதும் வந்துடுவல்ல?" என்றான்.

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் தயாராகத்தான் இருந்தது. ஒரு வாரமாகத் தினமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வந்துடுவேங்க. ஒரே ஒரு சொல். இப்போது வாயைத் திறந்தால் அது வரவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் மைதிலி.

ஜெய்சங்கருக்கு அது பதில் போலத்தான் பட்டது, தலையை ஆட்டினான். மட்டுவார்குழலி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.